பிறந்தபோது எழுதிய எடை

பிறந்து ஒரு மணி நேரமும் ஆகாத சிசுவைத் துணித் தூளியில் இட்டுத் தராசின் கொக்கியில் மாட்டி, முள் நின்ற இடத்தைப் பார்த்து, 2.2 என்று பதிவேட்டில் எழுதிவிட்டுச் செவிலியர் அடுத்த வேலைக்குச் செல்கிறார். இந்நாட்டில் நாள்தோறும் பல்லாயிரம் முறை நிகழும் காரியம் இது. அந்த எண் எதற்குப் பயன்படுகிறது என்று வினவினால், குழந்தை முதல் மாதத்தைத் தாண்டுமா, வீட்டுக்கு எத்தனை முறை சென்று பார்க்க வேண்டும், பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டுமா என்பவற்றை முடிவு செய்வதற்கு என்று விடை வரும். விடை சரியானதே, ஆனால் முழுமையானதன்று. குழந்தை தேறி நடக்கத் தொடங்கியதும் அந்த எண்ணின் வேலை முடிந்துவிட்டதாகவே அனைவரும் கருதுகின்றனர். தாய்சேய் பாதுகாப்பு அட்டை வீட்டுப் பெட்டியின் அடியில் கிடந்து மக்கிப் போகிறது. அந்த எண்ணோ, கண்ணுக்குப் புலப்படாத ஓர் உறுப்பைப் பற்றி, அக்குழந்தை ஐம்பது வயதை எட்டும்போதும் பொய்யாகாத ஒரு செய்தியைத் தன்னுள் கொண்டிருக்கிறது. அவ்வுறுப்பு சிறுநீரகம்.

சிறுநீரகம் எவ்வாறு உருவாகிறது என்பதை அறிந்தாலன்றி இக்கூற்றின் பொருள் விளங்காது. கருவில் மூன்று சிறுநீரகங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றுகின்றன. முதலிரண்டும் தோன்றி மறைபவை. ஐந்தாம் வாரத்தில் தொடங்கும் மூன்றாவதே நிலைத்து நிற்பது. சிறு மொட்டுப் போன்ற ஒரு குழாய் தன்னைச் சூழ்ந்துள்ள திசுவினுள் புகுந்து, மரம் கிளைப்பதைப் போல இரண்டாகவும் நான்காகவும் எட்டாகவும் பிரிந்துகொண்டே போகிறது. ஒவ்வொரு கிளையின் நுனியிலும் அத்திசு திரண்டு, நெஃப்ரான் எனப்படும் நுண்ணிய வடிகட்டிகளாக உருப்பெறுகிறது. இரத்தத்திலிருந்து கழிவைப் பிரித்தெடுக்கும் வேலை முழுவதும் இவ்வடிகட்டிகளுடையதே. வளர்ந்த மனிதனின் இரு சிறுநீரகங்களும் சேர்ந்து ஒரு நாளில் ஏறத்தாழ 180 லிட்டர் நீரை வடித்து, ஒன்றரை லிட்டர் அளவை மட்டும் சிறுநீராக வெளியேற்றிவிட்டு, மீதியை உடலுக்கே திருப்பித் தருகின்றன.

இவ்வடிகட்டிகளின் ஆக்கம் ஏறத்தாழ 9-ஆம் வாரத்தில் தொடங்கி 36-ஆம் வாரத்தையொட்டி முற்றுப்பெறுகிறது. அவற்றுள் 60 சதவிகிதத்துக்கும் மேற்பட்டவை கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் உண்டாகின்றன. அதன் பின்னர் ஒன்றுகூடப் புதிதாகத் தோன்றுவதில்லை. தோல் புண்பட்டால் புதுத் தோல் வளர்கிறது. எலும்பு முறிந்தால் கூடுகிறது. ஈரலின் ஒரு பகுதியை வெட்டினாலும் மீண்டும் வளர்கிறது. நெஃப்ரானுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. தாயின் வயிற்றிலிருந்து எத்தனை வடிகட்டிகளுடன் ஒரு குழந்தை வெளிவருகிறதோ, அத்தனையைக் கொண்டுதான் அது வாழ்நாள் முழுவதையும் கழித்தாக வேண்டும்.

அவ்வெண்ணிக்கை எல்லோர்க்கும் ஒன்றாக இருப்பதில்லை என்பதே இங்குக் கவனிக்க வேண்டிய செய்தி. ஒரு சிறுநீரகத்துக்குச் சராசரியாக ஒன்பது முதல் பத்து லட்சம் நெஃப்ரான்கள் எனப் பாடநூல்கள் கூறும். ஆனால் இறந்தோரின் சிறுநீரகங்களை முறையாக எண்ணிப் பார்த்த ஆராய்ச்சியாளர்கள், சிலரிடம் இரண்டு லட்சத்தைச் சற்றே தாண்டிய எண்ணிக்கையையும், வேறு சிலரிடம் இருபத்தைந்து லட்சத்துக்கு மேற்பட்ட எண்ணிக்கையையும் கண்டனர். உயரத்திலோ, எடையிலோ, இதயத்தின் பருமனிலோ மனிதருக்கு மனிதர் பத்து மடங்கு வேற்றுமை இருப்பதில்லை. சிறுநீரகத்தில் மட்டும் இருக்கிறது. அவ்வேற்றுமையின் ஒரு பகுதி பிறப்பெடையோடு சேர்ந்து செல்கிறது. 2003-ஆம் ஆண்டில் வெளியான ஒரு கணக்கின்படி, பிறப்பெடை ஒரு கிலோ கூடும்போது ஒரு சிறுநீரகத்திலுள்ள நெஃப்ரான்கள் ஏறத்தாழ 2,57,000 கூடுகின்றன. அதற்கு முன்பே 1992-இல், லிவர்பூல் நகரத்து ஆராய்ச்சியாளர்கள், கருப்பையில் வளர்ச்சி குன்றிய சிசுக்களின் சிறுநீரகங்களில் நெஃப்ரான்கள் குறைந்திருந்ததைக் கண்டதோடு, பிறந்து சில மாதங்கள் வாழ்ந்த குழந்தைகளிடமும் அக்குறை ஈடுசெய்யப்படவில்லை என்பதையும் காட்டினர்.

வளர்ச்சி குன்றிய கருவில் சிறுநீரகம் ஏன் முதலில் நலிகிறது? பிறக்கும் வரையில் கழிவகற்றும் பொறுப்பு நச்சுக்கொடியைச் சேர்ந்தது. தாயின் இரத்தமே சிசுவின் கழிவை ஏற்றுக்கொள்கிறது. ஆகவே, கருவின் சிறுநீரகத்துக்கு வேலையே இல்லை என்று எண்ணத் தோன்றும். அப்படியன்று. 10, 12 வாரங்களிலேயே அது சிறுநீரைச் சுரக்கத் தொடங்கிவிடுகிறது. 20-ஆம் வாரத்துக்குப் பின், சிசு மிதக்கும் பனிக்குட நீரின் பெரும்பகுதி அச்சிறுநீரேயாகும். அந்நீரைச் சிசு விழுங்குகிறது. நுரையீரல் விரிந்து வளர்வதற்கும் அந்நீரே இடமளிக்கிறது. ஆயினும் உயிருக்கு ஆபத்து நேர்கையில், சிறுநீரகத்தின் பங்கைச் சிறிது காலத்துக்கு நிறுத்திவைக்க முடியும்; மூளையின் பங்கை நிறுத்திவைக்க முடியாது. நச்சுக்கொடி வாயிலாக வரும் பிராணவாயுவும் உணவும் குறையும்போது, கருவின் உடல் கிடைத்த இரத்தத்தை மூளைக்கும் இதயத்துக்கும் அட்ரீனல் சுரப்பிகளுக்கும் திருப்பிவிடுகிறது. குடலும் தசையும் சிறுநீரகமும் குறைந்த பங்கோடு நிற்கின்றன. பஞ்ச காலத்தில் விதை நெல்லை எடுத்து உண்ணும் குடும்பத்தின் நிலை இது. அன்றைய உயிர் பிழைக்கிறது. அடுத்த பருவத்துக்குரியது குறைகிறது. இந்தப் பஞ்சம் பெரும்பாலும் கடைசி மூன்று மாதங்களில், அதாவது நெஃப்ரான்கள் மிகுதியாக உருவாக வேண்டிய அதே காலத்தில், வந்து சேர்வதுதான் கேடு.

இதன் அடையாளம் களப்பணியாளரின் கைக்கு எட்டாததன்று. இரத்தம் குறைந்த சிறுநீரகம் சிறுநீரையும் குறைத்தே சுரக்கும்; பனிக்குட நீர் குறையும்; சிசுவும் சிறுத்திருக்கும்; வயிறு மாதத்துக்கேற்ப வளராது. 24-ஆம் வாரத்துக்குப் பின், அடிவயிற்று எலும்பிலிருந்து கருப்பையின் மேல்விளிம்பு வரை நாடாவால் அளந்தால், சென்டிமீட்டர் எண்ணிக்கை கர்ப்பத்தின் வார எண்ணிக்கையோடு ஏறத்தாழ ஒத்திருக்கும். மூன்று சென்டிமீட்டருக்கு மேல் குறைந்து காணப்பட்டால், மருத்துவரிடம் அனுப்ப அதுவே போதுமான காரணம். ஒரு நாடா, கடைசி மாதவிலக்கின் சரியான தேதி ஆகிய இரண்டைத் தவிர இதற்கு வேறு கருவி வேண்டியதில்லை. தேதியைக் கேட்டுப் பெறுவதில்தான் பொறுமை வேண்டும். பொங்கலுக்கு முன்பா, பின்பா, தீபாவளி கழித்து எத்தனை நாள் என்று பேச்சுக் கொடுத்து அறியும் ஊழியரின் பதிவேட்டுக்கு உள்ள மதிப்பு, ஐந்தாம் மாதம் என்று எழுதி முடித்துவிடும் பதிவேட்டுக்கு இல்லை.

நெஃப்ரான் குறைந்தால் என்ன நேர்கிறது என்பதற்கு 1988-இல் அமெரிக்க மருத்துவர் பிரென்னரும் அவருடன் பணியாற்றியோரும் ஒரு விளக்கம் தந்தனர். வேலையின் அளவு குறைவதில்லை. வேலையாட்கள் மட்டும் குறைவு. இருக்கும் நெஃப்ரான் ஒவ்வொன்றும் பருத்து, கூடுதல் அழுத்தத்தில் கூடுதலாக வடிகட்டுகிறது. இளமையில் இது குறையைத் தெரியாமல் மறைத்துவிடும். இரத்தப் பரிசோதனையில் ஒன்றும் புலப்படாது. ஆண்டுகள் செல்லச் செல்ல, மிகையாக உழைத்த வடிகட்டிகள் தழும்பேறி மூடிக்கொள்கின்றன. சிறுநீரில் புரதம் கசிகிறது. உடலில் உப்பு தங்கி இரத்த அழுத்தம் ஏறுகிறது. ஏறிய அழுத்தம் எஞ்சிய வடிகட்டிகளையும் சிதைக்கிறது. 2003-இல் ஜெர்மனியில், விபத்தில் மாண்டவர்களுள் இரத்த அழுத்த நோய் இருந்த பத்துப் பேரையும் இல்லாத பத்துப் பேரையும் ஒப்பிட்டபோது, முதல் கூட்டத்தாரிடம் ஒரு சிறுநீரகத்துக்கு ஏழு லட்சம் நெஃப்ரான்களும் மற்றவரிடம் பதினான்கு லட்சமும் இருக்கக் கண்டனர். இருபது பேரைக் கொண்டு உலகத்துக்கே முடிவு கட்ட இயலாது. எனினும், இரட்டிப்பான அவ்வேற்றுமை பிரென்னரின் கருத்துக்கு வலுச் சேர்த்தது.

இத்தகைய அறிவு ஆய்வுக்கூடத்தில் மட்டும் பிறக்கவில்லை. இங்கிலாந்தில் ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் மாவட்டத்தில் 1911 முதல், எதெல் மார்கரெட் பர்ன்சைடு என்ற அம்மையாரின் மேற்பார்வையில், மருத்துவச்சிகள் ஒவ்வொரு சிசுவின் எடையையும் குறித்தனர்; சுகாதாரப் பெண் ஊழியர்கள் ஓராண்டு நிறைவில் மீண்டும் நிறுத்து எழுதினர். அவர்கள் மிதிவண்டியில் வீடு வீடாகச் சென்றபோது, அந்த எண்கள் பின்னாளில் யாருக்குப் பயன்படும் என்று அறிந்திருக்க நியாயமில்லை. பல பத்தாண்டுகள் கழித்து டேவிட் பார்க்கரும் அவருடைய குழுவினரும் அப்பேரேடுகளைத் தேடி எடுத்து, 1911-க்கும் 1930-க்கும் இடையில் பிறந்த 5,654 ஆண்களின் வரலாற்றைப் பின்தொடர்ந்தனர். குழவிப் பருவத்தில் எடை குறைந்திருந்தோரிடம் இதய நோய் மரணம் மிகுந்திருந்ததை 1989-இல் வெளியிட்டனர். இந்நாட்டிலும் அத்தகைய பேரேடு ஒன்று உண்டு. மைசூர் ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனையில் 1934 முதல் சிசுக்களின் எடை, நீளம், தலைச் சுற்றளவு ஆகியவை பதியப்பட்டு வந்தன. அங்கு 1934 முதல் 1954 வரை பிறந்தோருள் 517 பேரைக் கண்டறிந்து பரிசோதித்து, 1996-இல் வெளியிட்ட ஆய்வும் அதே திசையைக் காட்டியது. நார்வே நாடு 1967 முதல் பிறப்பு ஒவ்வொன்றையும் மருத்துவ முறைப்படி பதிந்து வருகிறது. அப்பதிவைச் சிறுநீரக நோயாளர் பட்டியலுடன் இணைத்துப் பார்த்தபோது, பிறப்பெடையில் மிகக் கீழ்ப்பட்ட பத்தில் ஒரு பங்கினர்க்கு முற்றிய சிறுநீரகச் செயலிழப்பு நேரும் வாய்ப்பு மற்றவரைப் போல 1.7 மடங்கு என்று 2008-இல் தெரியவந்தது.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை அவசியம். 1.7 மடங்கு என்று கேட்டதும் எடை குறைந்து பிறந்த பிள்ளைகளெல்லாம் நோயாளிகளாகிவிடுவர் என்று அஞ்ச வேண்டுவதில்லை. நார்வேயின் அக்கணக்கில் இருபத்தொரு லட்சத்துக்கு மேற்பட்ட பிறப்புகளில் செயலிழப்பு நேர்ந்தவர் 526 பேரே. அவர்களும் அப்போது நாற்பது வயதைத் தாண்டாதவர்கள். சிறுத்துப் பிறந்த பெரும்பாலோர் நல்ல சிறுநீரகத்துடன் முதுமை எய்துகின்றனர். குறை தாயின் மேலதன்று என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நச்சுக்கொடியின் கோளாறு, இரத்த அழுத்தம், சோகை, மலேரியா, இளவயதுக் கர்ப்பம், பல தலைமுறைப் பசி எனக் காரணங்கள் பல. அவற்றுள் மிகச் சிலவே அப்பெண்ணின் கையில் உள்ளவை. மாமியார் முன்னிலையில் எடையை உரக்கப் படித்துவிட்டு, ஒழுங்காகச் சாப்பிடவில்லையா என்று கேட்கும் வழக்கத்தால் விளைந்த நன்மை ஒன்றுமில்லை. பதிவு வேறு, தீர்ப்பு வேறு.

ஆனால் அச்சமூட்டலாகாது என்பதற்காகப் பதிவையே கைவிடுவதும் முறையன்று. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், எடை தெரிந்த குழந்தைகளுள் ஏறத்தாழ 18 சதவிகிதம் 2.5 கிலோவுக்குக் குறைவாகப் பிறந்தவை. உண்மை அதனினும் கூடுதலாக இருக்கக்கூடும். ஏனெனில், இந்நாட்டுப் பதிவேடுகளில் சரியாக 2.5 என்ற எண் இயற்கைக்கு மாறாகக் குவிந்து கிடப்பது புள்ளிவிவர நிபுணர்கள் நன்கறிந்த செய்தி. முள் 2.4-ல் நின்றால் 2.5 என்று எழுதுவது எளிது. அனுப்பும் சீட்டு எழுத வேண்டியதில்லை. கூடுதல் வருகையும் இல்லை. மேலதிகாரியின் கேள்வியும் இல்லை. ஊழியரின் பளுவை அறிந்தவர் இதைக் கடிந்துகொள்ளத் தயங்குவர். எனினும் அந்த நூறு கிராமில் ஒரு குழந்தை கணக்கிலிருந்தே மறைந்துவிடுகிறது. உடனடித் தீங்கும் உண்டு. ஜென்டாமைசின் போன்ற மருந்துகளின் அளவு எடையைக் கொண்டே கணக்கிடப்படுவது. அம்மருந்தை வெளியேற்ற வேண்டிய சிறுநீரகமோ இன்னும் முதிராதது. ஏற்றி எழுதிய எடை, ஏற்றிக் கொடுத்த மருந்தாகிவிடும்.

எடையோடு வாரத்தையும் எழுத வேண்டும் என்பது இதனினும் முக்கியம். 2.2 கிலோ எடையுள்ள இரு குழந்தைகளுள் ஒன்று 34-ஆம் வாரத்தில் பிறந்தது, மற்றொன்று 39-ஆம் வாரத்தில் பிறந்தது என்றால், அவற்றின் வரலாறு வெவ்வேறு. முன்னது விரைந்து வந்தது, வளர்ச்சியில் குறையில்லாதிருக்கலாம், அதன் நெஃப்ரான் ஆக்கம் பிறந்த பின்னும் சில வாரங்கள் தொடரும், ஆயினும் வெளியுலகின் சூழலில் அது செவ்வையாக நடைபெறுவதில்லை. பின்னது காலம் முழுதும் உள்ளிருந்தும் வளராதது. அதன் கணக்கு மூடப்பட்டுவிட்டது. பாரதத்தில் எடை குறைந்து பிறப்பவற்றுள் இரண்டாம் வகையே மிகுதி என்பது நெடுங்காலமாகக் கூறப்பட்டு வருவது. குறைப்பிரசவம் என்ற ஒரே சொல்லால் இரண்டையும் குறிப்பது பேச்சுக்குப் பொருந்தலாம், பதிவேட்டுக்குப் பொருந்தாது.

பிறப்பதற்கு முன் காப்பதற்குரிய வழிகள் புதியவை அல்ல; இரத்த அழுத்தத்தை ஒவ்வொரு வருகையிலும் அளத்தல், சோகையை நீக்குதல், போதிய உணவு, பெண்ணுக்கு 18 வயது நிரம்பும் முன் திருமணம் நடவாமை. கடைசியாகச் சொன்னதில் ஆசிரியருக்குரிய பங்கு பெரிது. 20 முதல் 24 வயதுள்ள பெண்களுள் 23 சதவிகிதத்தினர்க்கு 18-க்கு முன்பே மணமாகியிருந்ததை முற்கூறிய கணக்கெடுப்பே காட்டுகிறது. புகையிலையை மெல்லுவதும், மகாராஷ்டிரத்தில் மிஷ்ரி எனப்படும் வறுத்த புகையிலைப் பொடியைப் பல்லில் தேய்ப்பதும் சிகரெட்டைப் போலவே கருவைச் சிறுக்கச் செய்பவை. பெண்கள் இவற்றைப் புகையிலைப் பழக்கமாகவே எண்ணுவதில்லை. சிறுநீரகத்தை நேராகத் தாக்குபவை சில மருந்துகள். இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் 20-ஆம் வாரத்துக்குப் பின் சிசுவின் சிறுநீரைக் குறைத்துப் பனிக்குட நீரை வற்றச் செய்யக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020-இல் எச்சரித்தது. இடுப்பு வலிக்குக் கடையில் கேட்டதும் கிடைப்பவை அவையே. எனலாப்ரில், லோசார்ட்டான் வகை இரத்த அழுத்த மாத்திரைகளைக் கர்ப்பிணி உண்ணலாகாது. முன்பே உண்டு வருபவள் கருவுற்றதும் மருத்துவரிடம் மாற்று மருந்து பெற வேண்டும். ஊட்டச்சத்துகளுள் வைட்டமின் ஏ குறைந்தால் எலிகளில் நெஃப்ரான் குறைவது நிறுவப்பட்டுள்ளது. பெங்களூர், மாண்ட்ரியல் நகரங்களின் சிசுக்களை ஒப்பிட்டு 2007-இல் வெளியான சிறிய ஆய்வொன்றும் அவ்வாறே ஐயுற இடந்தந்தது. ஆயினும் கர்ப்பிணிக்கு வைட்டமின் ஏ மாத்திரையை அள்ளிக் கொடுப்பது கருவுக்கு ஊனம் விளைக்கும். கீரையும் பப்பாளிப் பழமும் மாம்பழமும் பாலும் போதும். பழுத்த பப்பாளியைக் கர்ப்பிணிக்குத் தரலாகாது என்ற வீட்டு அச்சத்தைப் பொறுமையுடன் களைய வேண்டியிருக்கும்.

பிறந்த பின்னர் நெஃப்ரானைக் கூட்ட வழியில்லை. இருப்பதைக் காக்க வழியுண்டு. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும்; பின்பு படிப்படியான வளர்ச்சி. மெலிந்து பிறந்த குழந்தையை மாவும் சர்க்கரையும் ஊட்டிப் பருக்க வைப்பது, குறைந்த வேலையாட்களின் தலையில் கூடுதல் சுமையை ஏற்றுவதற்கு ஒப்பு. பள்ளிப் பருவத்தில் ஆண்டுக்கு ஒரு முறை இரத்த அழுத்தம், இயன்றால் சிறுநீரில் புரதம். இரத்த அழுத்தம் அளக்கையில் சிறுவரின் கைக்கேற்ற பட்டையே வேண்டும். பெரியவர் பட்டையைச் சிறுவன் கையில் சுற்றினால் அழுத்தம் குறைத்துக் காட்டும், நோய் தப்பிவிடும். 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழுக்கள் பள்ளிகளுக்கு வருகின்றன. எந்தப் பிள்ளையை முதலில் பார்க்க வேண்டும் என்று அக்குழுவுக்குச் சொல்ல ஆசிரியரிடம் பிறப்பெடை இருப்பதில்லை என்பதே குறை.

முப்பது வயதுக்கு மேற்பட்டோரை ஆஷா ஊழியர் விசாரித்து நிரப்பும் படிவத்தில் வயது, புகையிலை, மது, இடுப்பளவு, உடலுழைப்பு, குடும்ப நோய் ஆகியவை கேட்கப்படுகின்றன. பிறந்தபோது எவ்வளவு எடை என்ற கேள்வி இல்லை. கேட்டாலும் விடை சொல்வார் அரியர். இத்தனைக்கும் அவ்வெண் அரசாங்கத்திடம் வந்து சேராமலில்லை. பிறப்புப் பதிவுப் படிவத்தின் புள்ளிவிவரப் பகுதியில் பிறப்பெடைக்கும் கர்ப்ப வாரங்களுக்கும் கட்டங்கள் உண்டு. அப்பகுதி தனியே பிரிக்கப்பட்டு எண்ணிக்கைக்குப் போய்விடுகிறது. வீட்டுக்கு வரும் சான்றிதழில் பெயரும் நாளும் இடமும் பெற்றோர் விவரமும் மட்டுமே நிற்கின்றன. 2023-இல் திருத்தப்பட்ட சட்டப்படி, அவ்வாண்டு அக்டோபர் முதல் பிறப்போர்க்குப் பள்ளிச் சேர்க்கையில் அச்சான்றிதழே பிறந்த நாளுக்கு ஆதாரம். எனவே எடை, வாரம் என்ற இரு வரிகளை அதில் அச்சிட்டால், புதிய கணக்கெடுப்போ புதிய அலுவலகமோ இன்றி, ஒவ்வொரு பிள்ளையின் பிறப்பெடையும் தானே பள்ளியின் வாசலுக்கு வந்து சேரும். அந்தரங்கம் வெளியாகும் என்று தயங்குவோர், அவ்விரு வரிகளைப் பெற்றோர் விரும்பினால் மட்டும் சேர்க்குமாறு விதி செய்யலாம்.

அது நடைபெறும் வரையில், முதல் வகுப்புச் சேர்க்கையின்போது தாய்சேய் அட்டையையும் கொண்டுவரச் சொல்லி, அதிலுள்ள எடையையும் வாரத்தையும் மாணவர் நலப் பதிவேட்டின் ஓரத்தில் எழுதிக்கொள்ள எந்தத் தலைமையாசிரியருக்கும் தடையில்லை. ஐந்து வயதில் பெரும்பாலான வீடுகளில் அட்டை இன்னும் பெட்டியில்தான் இருக்கும். பத்து வயதில் தேடினால் கிடைப்பது அரிது.